பெட்டியில் வந்த போஹோ அறை: பொருள்வாரியான மதிப்பீடு

மண்வண்ண போஹோ (பொஹீமியன்) பாணியில், அதாவது இயற்கைப் பொருட்களையும் பல இடத்துக் கைவினைகளையும் கலந்து அமைக்கும் பாணியில், ஒரு வரவேற்பறையை முழுவதுமாக அமைத்துவிடலாம் என்ற உறுதியோடு, விரிப்பு முதல் விளக்குக்கூடு வரை எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக விற்கும் இணையக் கடைகள் இப்போது பல இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு தொகுப்பை வாங்கி, ஈரக்காலத்திலும் வறண்ட காலத்திலும் புழங்கிப் பார்த்துவிட்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தொகுப்பில் இருந்தவை: சணல் தரைவிரிப்பு, பிரம்பு நாற்காலி, பிரம்பில் பின்னிய தொங்குவிளக்குக் கூடு, ஆளிநாரில் நெய்த லினன் திரைச்சீலைகள், திண்டு உறைகள், சுடுமண் தொட்டிகள், கயிற்றை முடிச்சிட்டுப் பின்னிய மேக்ரமே சுவர்த்தொங்கல், தோகை போன்ற கதிர் கொண்ட பாம்பாஸ் புல்லின் காய்ந்த கொத்து, ஒரு சுவருக்குப் போதுமான சுண்ணாம்புப் பூச்சு. முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரிப்பு, நாற்காலி, திரைச்சீலை, சுண்ணாம்புப் பூச்சு ஆகிய நான்கும் கொடுத்த பணத்துக்கு உழைக்கின்றன. விளக்குக்கூடு, அதனுள் வேறு பல்பைப் போட்டால் உழைக்கிறது. எஞ்சியவை பெரும்பாலும் விளம்பரப் புகைப்படம் நிறைந்து தெரிவதற்காகச் சேர்க்கப்பட்டவை.

இந்தப் பாணியை எந்த அளவுகோலால் அளப்பது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் மேலே சொன்ன தீர்ப்பு விளங்கும். செங்காவி, மஞ்சட்காவி, கரும்பழுப்பு, மணல்நிறம் என்று இதில் வரும் நிறங்களில் பெரும்பாலானவை மண்ணிலுள்ள இரும்புச் சேர்மங்கள் தரும் நிறங்கள்தாம். மஞ்சட்காவியைச் சூடேற்றினால் அதிலுள்ள நீர்க்கூறு வெளியேறி அது செங்காவியாகவே மாறிவிடும். இப்படிப் பிறப்பிலேயே உறவுடைய நிறங்கள் என்பதால் எதை எதனருகில் வைத்தாலும் பெரிதாக முரண்படுவதில்லை. ஆகவே நிறத்தில் சறுக்குவது அரிது. சறுக்கும் இடம் மூலப்பொருள். வழவழப்பான நவீன பாணி அறையில் நெகிழி மேசை ஒன்று உறுத்தாமல் நின்றுவிடும், இங்கே நிற்காது. சணல், பிரம்பு, சுடுமண், லினன், சுண்ணாம்பு ஆகியவற்றின் மேற்பரப்பு சீரற்றது. ஒளி அதன்மேல் பட்டுச் சிதறும்போது ஒரே நிறத்துக்குள் பல சாயல்கள் தோன்றுகின்றன, அறைக்கு அழகு சேர்ப்பவை அந்தச் சாயல்களே. இழைகளின் படத்தை அச்சிட்ட நெகிழியில் அது நிகழ்வதில்லை. எனவே ஒவ்வொரு பொருளிடமும் நான் கேட்ட கேள்விகள் இரண்டே: சொல்லப்பட்ட மூலப்பொருளால்தான் ஆனதா, அந்த மூலப்பொருள் அன்றாடப் புழக்கத்தைத் தாங்குமா?

அறையில் மிகப் பெரிய பரப்பை மூடுவது விரிப்பு என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். தொகுப்பில் வந்தது 240 செ.மீ.க்கு 300 செ.மீ. அளவுள்ள, பின்னிய சணல் பட்டைகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பு. இந்த அளவைத் தேர்ந்ததற்காகக் கடையைப் பாராட்ட வேண்டும். இத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலும் கிடைக்கும் 160-க்கு 230 விரிப்பு, மூன்று பேர் அமரும் சோபாவின் முன்னால் போட்டால் யாருக்கும் சொந்தமில்லாததாக நடுவில் தனித்துக் கிடக்கும். சோபா, நாற்காலி ஆகியவற்றின் முன்கால்களாவது விரிப்பின்மேல் நிற்கும்போதுதான் இருக்கைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வட்டமாக அமைகின்றன. பின்னல் தடிப்பாக இருந்தது, ஓரங்கள் சுருளவில்லை, வெறுந்தரையில் எழும் எதிரொலியும் கேட்கும்படியாகக் குறைந்தது. ஒரு மூலையில் தையல் பிரிந்தது. தடித்த ஊசியும் சணல் நூலும் கொண்டு சரிசெய்யக்கூடிய அளவிலான குறைதான் என்றாலும், இந்த விலையில் அதை எதிர்பார்க்க முடியாது.

சணலின் இயல்பை அறியாமல் வாங்குபவர்களே பிறகு அதைத் திட்டுகிறார்கள். இயற்கை நார் விரிப்புகளில் வெறுங்காலுக்கு மென்மையானது சணல். கற்றாழை நாரான சிசலும் தேங்காய் நாரும் அதைவிடக் கடினமானவை, ஆனால் அதிக நாள் உழைப்பவை. சணல் உதிரும். வாங்கிய புதிதில் நிறையவும் பிறகு குறைவாகவும், ஆனால் தொடர்ந்து உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். விரிப்பைத் தூக்கினால் அடியில் மெல்லிய தூசுப் படலம் படிந்திருக்கும், தூசு ஒவ்வாமை உள்ளவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு வெறும் உறிஞ்சலில் மட்டும் வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்தினால் இழைகள் பிய்யாமல் இருக்கும். சணலின் பெரும்பகை தண்ணீர். நனைந்தால் நாரின் வலிமை குறைகிறது, மெதுவாக உலரும்போது பழுப்புக் கறை மேலெழுகிறது. ஏதேனும் சிந்திவிட்டால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து உடனே மின்விசிறிக் காற்றில் காயவிடுவது ஒன்றே வழி. நீராவிக் கருவியோ ஷாம்பூ கழுவலோ இதற்கு ஆகாது. ஈரக்காலத்தில் அடிப்பக்கம் காற்றோட்டமின்றிப் பூஞ்சை வாடை வரத் தொடங்கியது, வாரந்தோறும் ஓர் ஓரத்தை மடித்துப் போட்டதும் அது நின்றுவிட்டது. நாருக்கு மரத்தன்மை தரும் லிக்னின் என்ற பொருள் வெயில் பட்டால் நிறம் மாறும். ஜன்னலோரத்தில் விரிப்பவர்கள் அவ்வப்போது தலைமாற்றிப் போட்டால் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாவது தவிர்க்கப்படும்.

சறுக்காமல் இருக்கத் தேவையான அடிவிரிப்பைக் கடை தரவில்லை. தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பளி அழுத்தத்துணியோடு இயற்கை ரப்பர் சேர்த்துச் செய்தவை நன்றாக இருக்கின்றன, ஆனால் வினைல் தரை உள்ளவர்கள் ரப்பரைத் தவிர்க்க வேண்டும், அது அத்தரையில் போகாத கறையை விட்டுவிடும். உணவு மேசையும் வரவேற்பறையிலேயே இருக்கும் வீடுகளுக்குச் சணலைப் பரிந்துரைக்க மாட்டேன். கம்பளி நூலில் தட்டையாக நெய்த விரிப்பே அங்கு பொருந்தும். துருக்கி, ஈரான், காகசஸ் பகுதிகளின் கிலிம்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சிறிய கிலிம் ஒன்றைப் பெரிய சணல் விரிப்பின்மேல் போடுவது இந்தப் பாணியில் பழகிப்போன உத்தி, எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத உத்தியும் கூட. மொராக்கோவின் மத்திய அட்லஸ் மலைப்பகுதியிலிருந்து வரும் பெனி ஒராயின் கம்பளங்கள், சாயமிடாத வெண்மையான கம்பளியில் கருங்கோடுகளால் சாய்சதுரங்கள் வரைந்தவை. அறையின் நிறங்கள் கனத்துவிட்டதாகத் தோன்றினால் அவற்றின் வெளுப்பு உதவும். பட்டு மினுமினுப்புடன் ‘மூங்கில் பட்டு’ என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது தாவரக்கூழை வேதிமுறையில் கரைத்துச் செய்யும் இழை. ஒரு குவளைத் தண்ணீர் கவிழ்ந்தாலே அவற்றின் இழைகள் விறைத்து நிறம் மாறிவிடுகின்றன.

தொகுப்பிலேயே சிறந்த பொருள் பிரம்பு நாற்காலி. பிரம்பு என்பது பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஏறுகொடி. மூங்கில் உள்ளே வெற்றிடம் கொண்டது, பிரம்போ உள்ளே முழுமையும் நார் நிறைந்தது. அதனால்தான் நீராவியில் இளக்கி வளைத்தால் உடையாமல் வளைந்து, குளிர்ந்தபின் அந்த வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. இந்த நாற்காலியின் சட்டம் முழுவதும் வளைத்த பிரம்பால் ஆனது, மூட்டுகளில் திருகு இறுக்கி அதன்மேல் பிரம்புத்தோல் சுற்றியிருக்கிறார்கள். மூட்டை மட்டும் பார்த்தே ஒரு பிரம்பு நாற்காலியின் தரத்தைச் சொல்லிவிடலாம்: சுற்று நெருக்கமாகவும் முனை உள்ளே செருகப்பட்டும் இருந்தால் நல்லது, ஆணியோ ஸ்டேப்பிளோ அடித்து நிறுத்தியிருந்தால் சில மாதங்களில் கிரீச்சிடும். இதே வடிவத்தில் பாலிஎத்திலீன் பட்டையால் பின்னியவை மலிவாகக் கிடைக்கின்றன. கணுக்கள் இல்லாமல் முழுநீளமும் ஒரே நிறமாக இருப்பதும், வெயிலில் வைத்தால் நெகிழி வாடை வீசுவதும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். மழையிலும் வெயிலிலும் கிடக்கும் திறந்தவெளிக்கு அவை பொருத்தமானவைதாம். வரவேற்பறையில் இந்தப் பாணிக்கு அவை உதவா.

நாற்காலியின் இருக்கை அறுகோணக் கண்கள் கொண்ட பிரம்புத்தோல் வலை. தொடர்ந்து அமரும்போது அது தொய்வது இயல்பு. இருக்கையைக் கவிழ்த்து, அடிப்புறத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து, நிழலில் உலரவிட்டால் தோல் சுருங்கி மீண்டும் இறுகிவிடும். இந்த எளிய பராமரிப்பைக் கடையின் கையேடு சொல்லவேயில்லை, மாறாகத் தொய்ந்தால் மாற்று இருக்கை வாங்கிக்கொள்ளும்படி அறிவுறுத்துகிறது. மிக வறண்ட காற்றில் பிரம்பு வெடிக்கும் என்பதால் ஹீட்டர், குளிரூட்டி ஆகியவற்றின் காற்று நேராகப் படும் இடத்தில் வைக்கக்கூடாது. காலடியில் மாவு போன்ற தூள் கொட்டியிருந்தால் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். வாங்கிய புதிதில் ஒரு மாதம் வரை இதைக் கவனித்து, தூள் தெரிந்தால் தயங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு வந்த நாற்காலியில் அந்தச் சிக்கல் இல்லை. உயரம் சற்றுக் குறைவு என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எழுவது கடினமாக இருக்கும்.

சுண்ணாம்புப் பூச்சைப் பற்றிக் கடை சொல்வதில் பாதி உண்மை, பாதி ஆபத்தான எளிமைப்படுத்தல். முதலில் உண்மையான பாதி. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கிச் சுவரோடு சேர்ந்து மெல்லக் கல்லாகிறது. எமல்ஷனைப் போல மேலே படலமாக ஒட்டாமல், உள்ளே ஊறி மங்கலான, மேகம் படர்ந்தாற்போன்ற தோற்றத்தைத் தருகிறது. பகல் நகர நகர அந்தச் சுவரின் முகம் மாறுவதைக் கண்டவர்கள் பிறகு தட்டையான பெயின்ட்டுக்குத் திரும்ப விரும்பமாட்டார்கள். தொகுப்பில் தந்த செம்மண் நிறமும் தேர்ந்தெடுப்பில் குறை சொல்ல முடியாதது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறமிகள் சிலவே, அவற்றில் முதன்மையானவை இரும்பு ஆக்சைடுகள் என்பதால், மண்நிறங்கள் சுண்ணாம்பில் நிலைத்து நிற்பது வேதியியல் விதி.

ஆபத்தான பாதி, ‘எந்தச் சுவரிலும் பூசலாம்’ என்று டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் வாக்கியம். ஏற்கெனவே எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு ஊற இடமில்லை, அதனால் நாளடைவில் பொடியாக உதிரும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுக்கென்று விற்கும் சொரசொரப்பான தாதுவகை பிரைமரை (அடிப்பூச்சை) முதலில் அடிக்க வேண்டும், அதைக் கடை தொகுப்பில் சேர்க்கவில்லை. பெயின்ட் பூசாத சிமென்ட் அல்லது சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால் சிக்கலில்லை, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு பூசலாம். அகன்ற தூரிகையால் குறுக்கும் நெடுக்குமாக, பாலைப் போல மெல்லிதாக, ஓரம் காய்வதற்குள் அடுத்த பகுதியைத் தொட்டுவிடும் வேகத்தில் பூச வேண்டும். பூசும்போது அடர்நிறமாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் தெரிந்து கலங்கவைக்கும். உலர உலர வெளுக்கும். காரம் கடுமையானது என்பதால் காப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சோபா சாயும் உயரத்தில் தேய்த்தால் துணியில் பொடி ஒட்டுவதையும், பின்னர் ஒரு கறையை மட்டும் மறைக்கப் பூசினால் திட்டு தனியே தெரிவதையும் ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் இதை விட்டுவிடலாம். ஒரே ஒரு சுவரை மட்டும் அடர்நிறமாக்கும் கடையின் யோசனை எனக்கு உடன்பாடில்லை. அறை நடுவில் வெட்டுண்டது போல ஆகிறது. அதே நிறத்தைப் பாதியளவு வெளுத்து மூன்று சுவர்களுக்கும் தந்திருந்தால் அறை முழுவதும் ஒரே மண்ணில் பிறந்ததாகத் தோன்றியிருக்கும்.

திரைச்சீலைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உண்மையான லினன்தான், நூலின் தடிப்பு அங்கங்கே கூடியும் குறைந்தும் இருப்பதால் ஒளி வடிகட்டி உள்ளே வருகிறது. கசங்கும், அதுவே அதன் தோற்றம், இஸ்திரி போட்டு மடிப்பு வைப்பவர்களுக்கு வேறு துணி இருக்கிறது. முன்பே துவைத்துச் சுருக்காத லினன் முதல் துவைப்பில் சுருங்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது: நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கினாலும் 250 செ.மீ. திரையில் 10 செ.மீ. போய்விடும், திரை தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். துவைத்துக் காயவைத்த பிறகே அடியை மடித்துத் தைக்க வேண்டும்.

விளக்குக்கூடு பார்வைக்குக் குறையில்லாதது, பின்னல் சீரானது, சுவரில் விழும் நிழற்கோலம் இரவில் அறைக்கு ஒரு தனித்தன்மையைத் தருகிறது. ஆனால் கூட்டோடு வந்த பல்பு அத்தனையையும் கெடுத்தது. ஒளி எவ்வளவு மஞ்சள் அல்லது வெண்மை என்பதைச் சொல்லும் வண்ண வெப்பநிலை அதற்கு 4000 கெல்வின் (எண் கூடக் கூட ஒளி வெளுக்கும்), பொருட்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் நிறக்காட்டல் குறியீடு நூற்றுக்கு 80. அலுவலகத்துக்கு உகந்த இந்த ஒளியில் செம்மண் சுவர் சாம்பல் பூத்துப்போகிறது, சுடுமண் தொட்டி பழைய செங்கல்லாகத் தெரிகிறது. 2700 கெல்வின், குறியீடு 90-க்கு மேல் என்று பார்த்து வாங்கிய பல்பைப் போட்டதும் நாற்காலியின் பொன்மையும் சுவரின் சிவப்பும் எழுந்து வந்தன. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டிமேல் அச்சிடும் நிறக்காட்டல் குறியீடு, வெளிர்நிறங்கள் எட்டின் சராசரி மட்டுமே. ஆழ்ந்த சிவப்பு அந்தக் கணக்கில் வருவதில்லை, அது ஆர்9 என்ற பெயரில் தனியாகக் குறிக்கப்படுகிறது. 80 குறியீடுள்ள எல்.இ.டி. பல்புகள் சிலவற்றில் அந்த ஆர்9 மதிப்பு சுழியத்துக்கு அருகிலேயே இருக்கும். சிவப்பையும் பழுப்பையும் நம்பி நிற்கும் ஓர் அறைக்கு இதைவிடப் பெரிய இழப்பில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பொருட்களை வாங்கிவிட்டுப் பல்பில் மிச்சம் பிடிக்கும் அறைகளை நிறையவே பார்க்கிறேன்.

கூட்டின் கண்கள் வழியே பல்பு நேரடியாகக் கண்ணில் படுவதால் தெளிந்த கண்ணாடிப் பல்பைவிடப் பால்நிறப் பல்பு நல்லது. காய்ந்த பிரம்பினுள் வெப்பமாகும் பழைய இழைப்பல்பைப் போடுவது தீவிபத்தை அழைப்பது, எல்.இ.டி. மட்டுமே போட வேண்டும். கூரையின் நடுவிலுள்ள இந்த ஒற்றை விளக்கு அறைக்குப் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இருக்கையின் அருகே தாழ்வான மேசை விளக்கு ஒன்றும், மூலையில் நிற்கும் விளக்கு ஒன்றும் இருந்தால் ஒளி பக்கவாட்டிலிருந்து வரும். விரிப்பின் பின்னலையும் சுவரின் தூரிகைத் தடத்தையும் காட்டுவது பக்கவாட்டு ஒளியே. மேலிருந்து நேராக விழும் ஒளி அவற்றைத் தட்டையாக்கிவிடும். கடை ஒரு புல் கொத்துக்குச் செலவழித்ததை மேசை விளக்குக்குச் செலவழித்திருக்கலாம்.

திண்டு உறைகள் ஏமாற்றம். ‘பருத்தி, கைத்தறித் தோற்றம்’ என்ற விளக்கத்தில் ‘தோற்றம்’ என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும் என்று கடை எதிர்பார்க்கிறது போலும். மடிப்பின் உட்புறத்திலிருந்து எடுத்த ஒரு சிறு நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேலே வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். இதுவோ உருகிச் சுருண்டு கடினமான கருமணியாக நின்றது, ஆகவே பாலியெஸ்டர். கட்டங்கள் நெய்யப்படாமல் அச்சிடப்பட்டிருப்பது உறையைத் திருப்பிப் பார்த்தாலே தெரிகிறது. நிறங்களில் மட்டும் குறையில்லை. இந்த உறைகளை ஒதுக்கிவிட்டு, நெய்த பருத்தி ஒன்று, மர அச்சால் கையச்சிட்டது ஒன்று, கம்பளி ஒன்று என்று வெவ்வேறு இழையமைப்புகளை வைத்தால் போதும். ஒரே கோலத்தில் ஐந்து உறைகள் என்பது இந்தப் பாணியின் இயல்புக்கே எதிரானது, ஏனெனில் பல இடங்களிலிருந்து பல காலங்களில் வந்து சேர்ந்தவை என்ற எண்ணத்தில்தான் இதன் உயிர் இருக்கிறது. பெட்டியில் மொத்தமாக வாங்குவதில் உள்ள அடிப்படைச் சிக்கலும் இதுவே.

சுடுமண் தொட்டிகள் நன்றாகச் சுட்டவை, தட்டினால் கணீரென்று ஒலிக்கின்றன. மெருகிடாத சுடுமண் நுண்துளைகள் வழியே ஈரத்தை வெளியேற்றும். வேர் அழுகாது, ஆனால் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருக்கும். வெளிப்புறத்தில் பூக்கும் வெண்ணிறம் நீரிலுள்ள உப்பு; சிலர் அதைத் துடைக்கிறார்கள், எனக்கு அது அழகாகவே படுகிறது. குறை தட்டில் இருக்கிறது. தட்டும் மெருகிடாத சுடுமண்ணே என்பதால் ஈரம் கசிந்து மரத்தரையிலும் மேசையிலும் வட்டக் கறை விழும். உட்புறம் மெருகிட்ட தட்டையோ கீழே கார்க் பலகையையோ வைக்காமல் இவற்றைப் பயன்படுத்தக்கூடாது. தொட்டியில் வைக்க மணி பிளாண்ட்டையும் மான்ஸ்டெராவையும் கடை பரிந்துரைக்கிறது. இரண்டிலும் உள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நாய், பூனைகளின் வாயைப் புண்ணாக்கும் என்ற எச்சரிக்கை எங்கும் இல்லை. மாறாக, இவை அறையின் காற்றைத் தூய்மைப்படுத்தும் என்ற விளம்பரம் இருக்கிறது. மூடிய கலங்களுக்குள் நடத்தி 1989-இல் வெளியிடப்பட்ட நாசா ஆய்விலிருந்து பரவிய நம்பிக்கை இது. சாதாரண வீட்டில் கதவு, ஜன்னல் வழியே நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று 2019-இல் வெளிவந்த மறுஆய்வு ஒன்று கணக்கிட்டது. செடி பச்சையாக இருக்கிறது, செம்மண் நிறத்துக்கு எதிரே அந்தப் பச்சை அருமையாக நிற்கிறது. வாங்குவதற்கு இந்தக் காரணமே போதும்.

மேக்ரமே சுவர்த்தொங்கலில் முடிச்சுகள் தளர்வானவை, கயிறு கலப்பு இழை. 1970-களில் ஒரு முறை உச்சத்துக்குச் சென்று மறைந்து, அண்மை ஆண்டுகளில் திரும்பி வந்த இந்தக் கைவினையில் சதுர முடிச்சு, அரைச்சுருக்கு என்று சில அடிப்படை முடிச்சுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் இறுக்கமும் ஒழுங்குமே அதன் மதிப்பு. ஒற்றை இழைப் பருத்திக் கயிறு வாங்கித் தானே பின்னிப் பார்ப்பவருக்கு இதைவிட நல்லது கிடைக்கும், ஏனெனில் முடிச்சை இறுக்கிப் போட வேகம் தேவையில்லை, பொறுமை போதும். பாம்பாஸ் புல்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: உதிர்கிறது, தூசைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மெழுகுவர்த்திக்கு அருகில் வைத்தால் நொடியில் பற்றும். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் புல் நியூசிலாந்து, கலிபோர்னியா உள்ளிட்ட பல இடங்களில் ஆக்கிரமிப்புத் தாவரமாகக் கருதப்படுகிறது. குப்பையில் எறியும்போதும் விதை பரவாமல் கட்டி எறிய வேண்டும். நீங்கள் இருக்கும் ஊரின் சாலையோரத்தில் காய்ந்து நிற்கும் ஏதோ ஒரு புல்லே இதைவிடப் பொருத்தமானது.

அறை ஒழுங்கமைப்புக்காகக் கடை தரும் வரைபடத்தைப் பின்பற்ற வேண்டாம் என்பேன். அதில் சுவரில் ஓர் அங்குலம்கூட வெறுமையாக இல்லை. இழையமைப்பு மிகுந்த பொருட்களுக்கு நடுவே கண் இளைப்பாற வெற்றிடம் வேண்டும். சுண்ணாம்புச் சுவரைப் பூசிவிட்டு அதன்மேல் தொங்கலை மாட்டி மறைப்பதில் பொருளே இல்லை. சோபாவுக்கும் நடு மேசைக்கும் இடையே 45 செ.மீ. அளவு இடம் விட்டால் கால் நீட்டவும் கடந்து செல்லவும் முடியும், வரைபடத்தில் அது பாதியாக இருக்கிறது. மரச்சாமான்களின் நிறங்கள் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அறிவுரையும் தேவையற்றது. தேக்கின் பழுப்பும் மாமரத்தின் வெளுப்பும் பிரம்பின் பொன்னிறமும் அருகருகே நன்றாகவே இருக்கின்றன. நிறம் ஏற்றிய மெல்லிய லேமினேட் ஒன்று நடுவில் வந்தால்தான் மற்றவை கூசுகின்றன.

சேவையைப் பொறுத்தவரை, பொருட்கள் நெகிழிக் குமிழ்த்தாள் இல்லாமல் வைக்கோலிலும் அட்டையிலும் பொதியப்பட்டு உடையாமல் வந்தன. தையல் பிரிந்த விரிப்பைப் பற்றி எழுதியபோது படம் கேட்டார்கள், பகுதித் தொகையைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். திண்டு உறைகளின் இழை பற்றிய கேள்விக்கு மட்டும் விளக்கப் பக்கத்தின் வாசகமே பதிலாகத் திரும்பி வந்தது. விளம்பரப் படங்கள் மாலைவெயிலின் மஞ்சள் கூட்டித் திருத்தப்பட்டவை என்பதால் நேரில் நிறங்கள் ஒரு படி குளிர்ந்து தெரியும். விரிப்புக்கும் பூச்சுக்கும் மாதிரித் துண்டு கேட்டால் அனுப்புகிறார்கள், அதைப் பகலிலும் இரவு விளக்கிலும் சுவரருகே வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது. பூச்சு டப்பாவைத் திறந்துவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல வேளையாக நாற்காலி, விரிப்பு, திரைச்சீலை, பூச்சு ஆகியவற்றைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள். நான்கையும் அப்படி வாங்கினால் முழுத் தொகுப்பைவிடக் குறைவாகவே ஆகிறது, மிஞ்சும் தொகை இரண்டு நல்ல விளக்குகளுக்குப் போதும்.